ஒரு ஆள் இருக்கா?

ஹுன்னஸ்கிரிய டவுன்ல ஒரு சனிக்கிழமை காலை. கண்டி பஸ்ஸுக்காக நானும் ஒரு கூட்டாளியும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கண்டி–மஹியங்கனை ரோட்டில் போய் வருகிறவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். மீமுரேக்குப் போகிற பாதை இங்கேதான் பிரிகிறது. லீவு நாள் என்றால் நக்கிள்ஸ் மலை பார்க்க வருகிற வேன்கள் வரிசையாக நிற்கும். வருகிறவர்களுக்குத் தங்க ரூம், சாப்பாடு, கக்கூஸ் எல்லாம் வேணும்.

பக்கத்து மேசையில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய இடத்தில் கக்கூஸ் குழி நிரம்பிவிட்டது. பின்னேரம் ஆட்கள் வரப்போகிறார்கள். பவுசர்காரன் வர மாட்டேன் என்கிறான், பாதை சரியில்லையாம். கடைசியாக அவர் கேட்டது இதுதான்: "தோட்டத்தில ஒரு ஆள் இருக்கா?"

எங்கள் பஸ் வருவதற்கு முன் அந்த ஆள் வந்துவிட்டார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஒரு வாளி, ஒரு கயிறு, காலில் ரப்பர் செருப்பு. கூப்பிட்டவர் அவருக்குக் கையுறை தரவில்லை, பூட்ஸ் தரவில்லை. பேப்பரில் சுற்றிய கால் போத்தல் சாராயம் தந்தார். நாற்றத்தைத் தாங்க அதுதான் மருந்தாம்.

நான் கேட்டேன்: "மாமா, உள்ள எறங்கியா அள்ளப் போறீங்க?"

"வேற யாரு எறங்குறது தம்பி?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. 'இன்னைக்கு மழை வரும் போல' என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

நமக்கு மேன்ஹோல் என்றால் கொழும்பிலோ சென்னையிலோ நடுரோட்டில் கிடக்கிற வட்ட இரும்பு மூடிதான் ஞாபகம் வரும். ஹுன்னஸ்கிரியவில் அப்படி மூடி போட்ட சாக்கடை எல்லாம் இல்லை. இங்கே வீட்டுக்கு வீடு, லயத்துக்கு லயம் குழிதான். குழிக்கு மேல் ஒரு கொங்கிரீட் தட்டு, அதில் ஒரு ஓட்டை. பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: நிலத்துக்குக் கீழே இருக்கிற ஒன்றுக்குள் மனிதன் போய்வர வைத்த வாசல். அந்த ஆங்கிலச் சொல்லையே பிரித்துப் பாருங்கள், ஆளுக்கான ஓட்டை. எந்த ஆளுக்கான ஓட்டை என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஓ.எல். விஞ்ஞானப் பாடத்தில் ஐதரசன் சல்பைட்டு என்று படித்திருப்போம், கூழ்முட்டை நாற்றம் அடிக்கிற வாயு. மலம் ஒட்சிசன் இல்லாமல் அழுகும்போது அது உண்டாகும். காற்றை விடக் கொஞ்சம் பாரம் என்பதால் குழியின் அடியில் தங்கும். கூடவே மெதேனும் காபனீரொட்சைட்டும் இருக்கும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஒட்சிசன் என்றால், மூடிக் கிடந்த குழியில் அது எவ்வளவு குறைந்திருக்கும் என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வாயுவின் மோசமான குணம் ஒன்று உண்டு. காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு அளவுக்கு அது வந்தால், கொஞ்ச நேரத்தில் நம் மூக்கு மணத்தை உணர்வதையே நிறுத்திவிடும். "நாத்தம் போயிருச்சு, இப்ப எறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடலாம். இன்னொன்று, மேலே அமைதியாகக் கிடக்கிற சேற்றைக் கிளறினால் உள்ளே அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். வாளியை விட்டு அள்ளுவது என்றால் கிளறுவதுதானே? வாயைச் சுற்றிக் கட்டுகிற துவாயும், கொரோனா காலத்து மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் செய்யாது. சாராயம் செய்வது எல்லாம், வெளியே வர வேண்டிய நேரத்தில் நிதானத்தைக் கெடுப்பதுதான்.

இப்படி ஒருவர் விழுந்தால் அடுத்து என்ன நடக்கும்? மேலே நிற்கிறவர் காப்பாற்றக் குதிப்பார். அவரும் விழுவார். அவரைக் காப்பாற்ற மூன்றாவது ஆள். 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் ஒரு இறப்பர் தொழிற்சாலையில் இதுதான் நடந்தது. கழிவுக் குழியில் விழுந்த ஒரு தொழிலாளியைக் காப்பாற்றப் போனவர்களும் மயங்கினார்கள். ஐந்து பேர் செத்துப் போனார்கள். உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் அடக்கம்.

2015 நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அப்படித்தான். ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு தொழிலாளர்கள் மேன்ஹோலுக்குள் மயங்கி விழுந்தார்கள். தேத்தண்ணி குடிக்க வந்த ஆட்டோ டிரைவர் நௌஷாத் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூன்று பேரும் திரும்பி வரவில்லை. நௌஷாத்தை நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் முதலில் இறங்கிய அந்த இரண்டு பேரின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? காப்பாற்றப் போய்ச் சாவது தியாகம், வேலைக்குப் போய்ச் சாவது செய்தியில் ஒரு எண்ணிக்கை. நம்ம மனசு எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது பாருங்கள்.

அந்தக் கோழிக்கோட்டுச் சம்பவத்தைப் பார்த்துத்தான் கேரளத்தில் எஞ்சினியரிங் படித்த சில இளைஞர்கள் ஒரு ரோபோ செய்தார்கள். 'பெண்டிகூட்' என்று பெயர். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலையைத் தொடங்கியது. மூடி வழியாகக் கையை இறக்கி, கமராவில் பார்த்து, அடைப்பை அள்ளி மேலே கொண்டுவரும். நல்ல விசயம். ஆனால் இதைச் சொன்னதும் நம்மில் பலர் "அப்ப ரோபோ வந்தா சரி" என்று முடித்துவிடுகிறோம். ரோபோ வரும்வரை அந்த மாமா இறங்கட்டும் என்பதுதான் அதன் மறுபக்கம்.

ரோபோவை விடப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் போனில் பேசியவர் ஏன் "தோட்டத்தில" என்று கேட்டார்? டவுனில் கூலி வேலை தேடுகிற ஆட்கள் இல்லையா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'வாசக்கூட்டி' என்ற சொல்லைத் தெரிந்திருக்கும். கொழுந்து பறிக்க, கவ்வாத்து வெட்ட, கான் வெட்ட என்று பிரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கிற மாதிரி, லயத்து வாசல் கூட்டவும், கானைக் கழுவவும், கக்கூஸ் சுத்தம் செய்யவும் ஒரு ஆள். மற்ற வேலைக்கு ஆள் மாறும். இந்த வேலை மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்கு, ஒரே சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றும். எந்தக் குடும்பங்கள் என்று நமக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போது தெரியும், திருவிழாவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் தெரியும். "மலையகத்தில இப்ப யாரு சாதி பாக்குறா?" என்று மேடையில் கேட்கிறோம். கக்கூஸ் குழி நிரம்பினால் யாருக்குப் போன் போடுகிறோம் என்பதில் அதற்குப் பதில் இருக்கிறது.

கண்டி டவுனுக்குப் போனால் இந்தக் கதை இன்னும் பெரிசு. மஹியாவையைத் தாண்டாமல் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போக முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் கண்டி நகரத்தைக் கூட்டிப் பெருக்க, மலக்கூடை சுமக்க, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த குடும்பங்களைத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். தேயிலைக்கு ஆள் கொண்டுவந்த மாதிரியே நகரத்து மலத்துக்கும் ஆள் கொண்டுவந்தார்கள். 2009இல் காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் தொகுத்த, இலங்கையில் மறைந்திருக்கும் சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வு நூலில், கண்டியின் சுத்திகரிப்புத் தொழிலாளர்களைப் பற்றியே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. வேலையோடு வீடு, வீட்டோடு முகவரி, முகவரியோடு ஒதுக்கல் என்று அந்தச் சங்கிலி எப்படித் தலைமுறை தாண்டி வருகிறது என்பதை அதில் பார்க்கலாம். பெரஹெர முடிந்த காலையில் கண்டித் தெருக்கள் பளிச்சென்று இருக்கின்றன என்று போட்டோ போடுகிற நாம், அந்த முகவரியில் இருக்கிற எத்தனை பேருடைய வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்திருக்கிறோம்?

கண்டியில் இப்போது நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் இருக்கிறது. 2010இல் ஜப்பானின் ஜைக்கா கடன் உதவியோடு தொடங்கி, கன்னொருவயில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். ஏரியும் மெத எலவும் மகாவலியும் நாறாமல் இருக்க அது தேவைதான். ஆனால் குழாய் வந்தால் மேன்ஹோலும் வரும். குழாய் திரும்புகிற இடம், இரண்டு குழாய் சேர்கிற இடம், சரிவு மாறுகிற இடம் எல்லாவற்றிலும் ஒன்று வேணும். கண்டி மாதிரி மலை டவுனில் திருப்பத்துக்கும் சரிவுக்கும் பஞ்சமா? ஆகவே கேள்வி மூடி பலமாக இருக்கிறதா என்பதோடு முடியாது. லொறி ஏறினாலும் தாங்கும்படி 40 டொன் தாங்கும் மூடி உலகம் முழுக்கக் கிடைக்கிறது. மூடியைத் திறந்ததும் கமராவும் நீர்பீச்சும் குழாயும் இறங்குமா, ஆள் இறங்குவாரா என்பதை நாம் கேட்க வேண்டும். இன்றைய முறையில் அடைப்பு எடுக்கவும் பரிசோதிக்கவும் பெரும்பாலும் மேலே நின்றே செய்யலாம். அப்படியும் ஒருவர் இறங்கியே ஆக வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவி, உள்ளே நல்ல காற்று அடிக்கும் விசிறி, தனியே காற்று தரும் முகமூடி, உடம்பில் பட்டி, மேலே இழுக்க முக்காலி, மேலேயே நிற்கிற இரண்டாவது ஆள் ஆகிய எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேலை நிற்க வேண்டும்.

"இதுக்குச் சட்டம் போட்டா போதும்" என்பவர்களுக்கு இந்தியாவைக் காட்ட விரும்புகிறேன். அங்கே 1993இலேயே ஒரு தடைச் சட்டம் வந்தது. 2013இல் இன்னும் விரிவான சட்டம் வந்து சாக்கடையையும் செப்டிக் டாங்கியையும் உள்ளே சேர்த்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்றது, 2023இல் அதை 30 இலட்சமாக்கியது. இவ்வளவுக்கும் பிறகு 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்ததாக அரசே பாராளுமன்றத்தில் சொன்னது. இந்த வேலை செய்பவர்களில் 38,000 பேரை அரசு கணக்கெடுத்தபோது 92 சதவீதத்தினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தபோது நாமும் பார்த்தோம், பகிர்ந்தோம், கண் கலங்கினோம்.

சட்டம் இருந்தும் ஏன் சாகிறார்கள்? ஒரு காரணம், 2013 சட்டம் தடுப்பது பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதைத்தான். கருவி கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். இன்னொரு காரணம், வேலை கொந்தராத்துக்காரர் கையில், அவர் இன்னொருவர் கையில் என்று கைமாறிப் போகிறது. கடைசியில் இறக்கியவர் யார் என்றே தெரியாது. ஹுன்னஸ்கிரியவில் அந்தப் போன் பேசியவர் மாதிரி. அவர் முதலாளி கிடையாது, துரை கிடையாது. தேவைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்ட சாதாரண மனுசன். உங்கள் சித்தப்பாவாகவும் இருக்கலாம், என் மாமாவாகவும் இருக்கலாம்.

இலங்கையில் நிலைமை என்ன? இந்தியாவில் இருப்பது போல இந்த வேலையைத் தனியாக எடுத்துத் தடைசெய்கிற சட்டம் நமக்கு இல்லை. நம்முடைய தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுடையது. பெயரே சொல்கிற மாதிரி அது தொழிற்சாலையை நினைத்து எழுதியது. ஒரு வீட்டுக்குப் பின்னால், நாட்கூலிக்கு, வாயால் பேசி முடித்த வேலைக்கு அது எப்படி வந்து சேரும்? சட்டம் வேணும், நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் வரும்வரை நம் கையில் ஒன்றும் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் கையில் இருப்பது குழியை எங்கே, எப்படி வெட்டுகிறோம் என்பது. இது அலுப்பான விசயம் போலத் தெரியும். ஆனால் அந்த மாமா இறங்கியதற்கு நேரடிக் காரணம் இதுதான்: பவுசர் எட்டவில்லை. பவுசர் குழாய் உறிஞ்சுவது வளிமண்டல அமுக்கத்தால். கடற்கரையில்கூட அப்படித் தண்ணீரை 10 மீற்றருக்கு மேல் உறிஞ்சி ஏற்ற முடியாது. மலையில் அது இன்னும் குறையும், சேறு கெட்டியாக இருந்தால் இன்னும் குறையும். ரோடு மேலே, லயம் கீழே, குழி லயத்துக்கும் கீழே என்றால் பவுசர் வந்து நின்றாலும் பிரயோசனம் இல்லை. நம்ம தோட்டங்களில் பாதி லயங்கள் அப்படித்தானே இருக்கின்றன? பிறகு வாளியும் கயிறும்தான்.

இப்போது மலையகத்தில் தனி வீடுகள் கட்டுகிறார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 4,000 வீடுகள், அதற்கு மேல் 2017இல் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகள். ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரம், பெயின்ட் நிறம் என்று எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், சண்டை பிடிக்கிறோம். கக்கூஸ் குழி எங்கே வரும் என்று யாராவது கேட்டு நான் கண்டதில்லை. பத்து வருசத்தில் அந்தக் குழிகள் நிரம்பும். அன்றைக்கும் ஒரு ஆளைத் தேடத்தானே போகிறோம்?

பாதை எட்டாத இடத்துக்கும் வழி இருக்கிறது. இரட்டைக் குழி முறை. ஒரு குழி நிரம்பினால் அதை மூடிவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிடுவது. மூடிய குழி ஒன்றரை இரண்டு வருசம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது காய்ந்து மண் மாதிரி ஆகிவிடும், மண்வெட்டியால் மேலே நின்றே எடுக்கலாம். இந்தியாவில் பிந்தேஷ்வர் பாடக்கின் சுலப் இயக்கம் இதை 1970களிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்திலும் பீலிக்குப் பக்கத்திலும் இது சரிவராது, இடம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். ஆனால் ஒரு லயத்துக்குப் பெரிய ரோபோ தேவையில்லை, இரண்டாவது குழி போதும்.

இதற்கு வருகிற எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். "அப்ப அந்த மனுசன் வயித்துக்கு என்ன செய்வான்? அவன் விருப்பப்பட்டுத்தானே வர்றான்?" நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் ஒருவருக்கு வேறு கதவு எதுவும் திறக்காமல் வைத்துவிட்டு, திறந்திருந்த ஒரே ஓட்டைக்குள் அவர் போனதை விருப்பம் என்று சொல்வது சரியா? பவுசர் ஓட்டவும், குழாய் பிடிக்கவும், வாயு அளக்கவும் ஆள் வேணும்தான். அந்த வேலைக்கு முதல் உரிமை இவ்வளவு காலம் இறங்கியவர்களுக்கு. பயிற்சியோடு, மாதச் சம்பளத்தோடு, ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். ஓடு. அவருடைய பிள்ளை அந்த வேலைக்கே வர வேணாம் என்றால், அதுவும் அவர்கள் உரிமை.

நீங்கள் ஒரு இடத்தில் ஒருவர் குழிக்குள் விழுந்ததைப் பார்த்தால், தயவுசெய்து குதிக்காதீர்கள். 1990க்கு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், 119க்குச் சொல்லுங்கள். தீயணைப்புப் படையிடம் காற்றுக் கருவி இருக்கும். விழுந்தவர் உடம்பில் கயிறு இருந்தால் மேலே நின்றே இழுங்கள். கயிறு இல்லாமல் ஒருவரை இறக்குவதைக் கண்டால், விழுவதற்கு முன்னாலேயே சத்தம் போடுங்கள்.

நான் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். தெல்தெனிய வரைக்கும் கூட்டாளியும் நானும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை அதே கடையில் அந்த மாமாவைக் கண்டேன், நல்லாத்தான் இருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவர் உட்காராமல், கடைக்கு வெளியே நின்றே பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணி குடித்தார். கடைக்காரர் எங்களுக்குத் தந்தது கண்ணாடிக் கிளாஸ்.

ஊரில் நம்ம சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம் என்று கூட்டம் இல்லாத மாதம் இல்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டே விசயம் கேட்போம். நம்ம லயத்துக் குழிக்குப் பவுசர் எட்டுமா? எட்டாவிட்டால் இரண்டாவது குழிக்கு இடம் எங்கே? தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் அதை எழுத்தில் கொடுப்போம். கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் கேட்பதற்கு மட்டும் எந்தக் கூட்டமும் தேவையில்லை. அதை நாளைக்குக் காலையிலேயே கேட்கலாம்.